பொலி சொல்லாத களம்

தர்மபுரியைச் சுற்றியுள்ள ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடப்படும் சாமி பல இடங்களில் ஒரு நடுகல்தான். ஆயிரத்து முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன் மந்தையை ஓட்டிப்போக வந்தவர்களோடு சண்டையிட்டு விழுந்த யாரோ ஒருவனுக்காக நட்ட கல். கையில் வில்லோ வாளோ ஏந்திய உருவம், அதன் மேலே வட்டெழுத்தில் சில வரிகள். அந்த வரிகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன், இன்ன ஊர்த் தொறு கொண்ட ஞான்று மீட்டுப் பட்டான் என்று போகும். தொறு என்பது மந்தை, ஞான்று என்பது பொழுது, பட்டான் என்றால் மாண்டான். 1970களில் இரா. நாகசாமி இயக்குநராக இருந்த தமிழ்நாடு தொல்லியல் துறை இந்தக் கற்களைத் தேடிப் படியெடுத்தபோது, அவற்றைப் படித்துச் சொல்லக் கல்வெட்டறிஞர்கள் வேண்டியிருந்தது. கல்லுக்குப் பொங்கல் வைத்து வந்த ஊர்க்காரருக்கு அதில் எழுதியிருப்பது தெரியாது. கல் நிற்கிறது, பூசை நடக்கிறது, ஊரில் மாடும் இருக்கிறது. வாசகம் மட்டும் வாயிலிருந்து போய்விட்டது.

வழக்கொழிந்த சொலவடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்கு இந்தக் கற்கள் ஒத்துவரவில்லை. பொருள் போனால் சொல் போகும்; அம்மி போயிற்று, அம்மியைப் பற்றிய பழமொழியும் போயிற்று என்பது அந்தக் காரணம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பணத்தைப் பற்றிய பேச்சை எடுத்துக்கொண்டால் நேர்மாறாக நடந்திருக்கிறது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்று சட்டப்படி முடிந்தது. தம்பிடியைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே. இருந்தும் பங்காளிச் சண்டையில் ‘ஒரு தம்பிடி தரமாட்டேன்’ என்பது இன்னும் விழுகிறது, சல்லிக்காசும் அப்படியே. அதே நாணயக் கணக்கின் வயிற்றில் பிறந்த ‘முக்காலே மூணு வீசம்’ என்ற தொடரோ அறுபது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் அநேகமாக இல்லை. வீசம் பதினாறில் ஒன்று. முக்காலும் மூன்று வீசமும் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து. ‘ஊரில் முக்காலே மூணு வீசம் பேர் அவன் பக்கம்’ என்றால் ஏறக்குறைய எல்லோரும் என்று அர்த்தம். எத்தனை நேர்த்தியான சொல்! இன்று அந்த இடத்தில் ‘தொண்ணூத்தொம்பது பர்சென்ட்’ உட்கார்ந்திருக்கிறது.

இரண்டும் ஒரே நாளில் செத்த நாணயத்தின் பிள்ளைகள். ஒன்று பிழைத்து மற்றது ஏன் போயிற்று? கையை விரித்து ‘உனக்கு ஒன்றும் கிடையாது’ என்று சொல்ல வேண்டிய சமயம் குடும்பங்களில் இன்னும் தீரவில்லை, ஆகவே தம்பிடிக்கு வேலை இருக்கிறது. கீழ்வாய் இலக்கத்தைத் திண்ணைப் பள்ளியில் பாடம் பண்ணிய பிள்ளை சந்தையில் வீசம், அரைக்கால், மாகாணி என்று வாயாலேயே கணக்குப் போட்ட சமயமோ போய்விட்டது. என் வாதம் இவ்வளவுதான்: ஒரு சொலவடையைக் காப்பாற்றுவது அது குறிக்கும் பொருள் அல்ல, அதை ஒருவர் இன்னொருவரிடம் சொல்லியாக வேண்டிய தருணம். இன்னார் இன்னாரிடம் இன்ன இடத்தில் சொல்வது என்ற ஏற்பாடு கலைந்தால், பொருள் கண்முன் நின்றாலும் சொல் போய்விடும். அந்த ஏற்பாடு கலையாதவரை, பொருள் மண்ணோடு மண்ணானாலும் சொல் இருக்கும்.

தர்மபுரி இந்த வாதத்தைச் சோதிக்க நல்ல இடம். மழையையும் கிணற்றையும் நம்பிய பூமி. ஆற்றுப் பாசனம் கொஞ்சம். மின்மோட்டார் பரவுமுன் கிணற்றுத் தண்ணீர் வெளியே வந்தது கவலையில். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும், பின்னால் நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும். மாட்டை ஓட்ட ஒரு ஆள், வயலில் மடை திருப்ப இன்னொரு ஆள். இருட்டோடு தொடங்கி வெயில் ஏறும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் குரலாலேயே பேசிக்கொள்ள வேண்டிய வேலை. பாட்டு, கேலி, எண்ணிக்கை, மாட்டை அதட்டும் சொல் எல்லாம் அந்தத் தூரத்தில் பிறந்தவை. ‘ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை’ என்று ஒரு பழமொழி புத்தகங்களில் இருக்கிறது. இன்று அதைப் பேச்சில் கேட்பது அரிது. மோட்டார் வந்தபின் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பேச ஆளும் வேண்டாம் கேட்க ஆளும் வேண்டாம். இதைப் பொருள் போனதால் சொல் போனதற்குச் சான்று என்று சொல்லத் தோன்றும். அப்படியானால் அதே கிணற்றைப் பற்றிய ‘இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்’ ஏன் போகவில்லை? தர்மபுரியில் அது இன்று உண்மையும் அல்ல. இறைக்க இறைக்க வற்றி, ஆழ்துளைக் குழாய் பல நூறு அடி இறங்கிய மாவட்டம் இது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013இல் செயலுக்கு வந்தது. நிலம் அந்தப் பழமொழியைப் பொய்யாக்கிவிட்டது. பழமொழி அசையவில்லை, ஏனென்றால் அது எப்போதோ கவலை மேட்டை விட்டு இறங்கி, தானம் கேட்பவரிடமும் பாடம் சொல்பவரிடமும் குடிபோய்விட்டது.

களத்துமேட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தானியம் தூற்றும்போது ‘பொலி, பொலி’ என்று சொல்வது வழக்கம். குவியலை அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு. சேலம், தர்மபுரிப் பக்கத்தில் வள்ளம் என்ற அளவும் புழங்கியது. அதன் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் எந்த ஊர் வள்ளம் என்று கேட்டுக்கொண்டுதான் பேரம் பேசுவார்கள். இந்தச் சொற்களுக்கெல்லாம் கேட்க ஆட்கள் இருந்தார்கள். களத்தில் நிலக்காரர் மட்டும் நிற்பதில்லை. தானியக் கூலி வாங்கும் படியாள், வண்ணார், நாவிதர், தச்சர், கொல்லர் என்று பங்குக்கு உரியவர்கள் எல்லோரும் நிற்பார்கள். அளக்கிறவனின் வாயை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மெட்ரிக் அளவை 1960களின் தொடக்கத்தில் கட்டாயமானபோது படியும் வள்ளமும் உடனே போய்விடவில்லை. களத்துக் கூலி பணக் கூலியான பிறகே போயின. இன்றைக்கு இந்த மாவட்டத்துச் சாலைகளில் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுச் செடியையும் பரப்பி, போகிற வண்டிகள் ஏறி மிதித்துப் போகும்படி விடுகிறார்கள். கதிரடி நடக்கத்தான் நடக்கிறது. லாரி ஓட்டுநர் பொலி சொல்லமாட்டார்.

அரசாங்கத்துப் பேச்சுக்கு வரலாம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிக்கு வந்த இந்தச் சீமைக்கு அன்று பாராமகால் என்று பெயர். அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே நிலம் அளந்து தீர்வை கட்டினார்கள். பின்னால் ரயத்துவாரி என்று மாகாணம் முழுக்கப் பரவியதற்கு விதை இங்கே விழுந்தது. மைசூர் ஆட்சி விட்டுப்போனது, கம்பெனி கொண்டுவந்தது என்று இரண்டு அடுக்குச் சொற்கள் கிராமத்து வாயில் சேர்ந்தன. நிலவரி கந்தாயம், தாலுகா அலுவலகம் கச்சேரி. இன்று கச்சேரிக்குப் போகிறேன் என்றால் பாட்டுக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைப்பார்கள். கந்தாயம் சில கிழவர்களோடு நிற்கிறது. ஆனால் அதே காலத்து ஜமாபந்தி நன்றாகவே உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பெயரிலேயே அதிகாரி உட்கார்கிறார், மனுவோடு ஜனம் நிற்கிறது. கர்ணமும் மணியக்காரரும் 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் பதவி இழந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கர்ணத்தின் தந்திரத்தையும் அவர் எழுத்தின் பலத்தையும் பற்றிய கேலிகள் அதோடு தேய ஆரம்பித்தன. ‘கணக்கன் கெட்டால் பழங்கணக்குப் பார்ப்பான்’ மட்டும் தப்பியது. கெட்டுப்போன பிறகு பழைய கடனைத் தோண்டுகிற மச்சானும் மாமனும் எல்லா வீட்டிலும் இருக்கிறார்களே. பாராமகால் என்ற பெயருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. சேலம் ஜில்லாவுக்குள் கரைந்து, 1965 அக்டோபர் 2 அன்று தர்மபுரி தனி மாவட்டமாகி வெளியே வந்தபோது அதைத் திரும்ப அழைக்க யாருக்கும் தோன்றவில்லை.

தாது வருஷப் பஞ்சம் இன்னொரு வழி காட்டுகிறது. 1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சம் பழைய சேலம் மாவட்டத்தைத் துடைத்துவிட்டது. 1871 கணக்கெடுப்பில் இருபது லட்சத்தை ஒட்டியிருந்த மக்கள்தொகை 1881இல் பதினாறு லட்சத்துக்கு இறங்கியிருந்தது. இரண்டு தலைமுறைக்கு ஊரில் வயது சொல்வதே தாது வருஷத்தை வைத்துத்தான்: அதற்கு முன்னா, பின்னா என்று. பள்ளிக்கூடச் சான்றிதழும் பிறப்புப் பதிவும் வந்தபின் அறுபது வருஷப் பெயர்களில் வயது சொல்லும் தேவை ஒழிந்தது, தாதுவும் பேச்சிலிருந்து விழுந்தது. பஞ்சம் விழவில்லை. ‘பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி’ என்பது பந்தியில் அவசரப்படுகிறவனைப் பார்த்து இன்றும் சொல்லப்படுகிறது, சிரித்துக்கொண்டே. நாலு லட்சம் பேர் குறைந்துபோன ஒரு கேடு சாப்பாட்டுக் கேலியாகத் தங்கியிருப்பது நெருடத்தான் செய்கிறது. ஆனால் மொழிக்கு நினைவுச் சின்னம் எழுப்பும் கடமை கிடையாது. பந்தியில் கேலி செய்ய வேண்டியிருந்தது, சொல் கிடைத்தது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது ஒன்று. நீர் சொல்வது சுற்றிச் சுற்றி ஒன்றையே சொல்வது, வழங்குகிற சொல் வழங்குகிறது என்பதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு வாதம் வெறும் சுற்றலா இல்லையா என்பதை அறிய, அது முன்கூட்டிச் சொல்வது பலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருள்தான் சொல்லைத் தாங்குகிறது என்றால், போன பொருள் திரும்பும்போது சொல்லும் திரும்ப வேண்டும். அதற்கும் தர்மபுரியில் ஒரு சோதனை நடந்திருக்கிறது. கேழ்வரகுக் களி இந்த மண்ணின் சாப்பாடு. ரேஷன் அரிசி அதைப் பல வீடுகளில் இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. 2023 மே மாதம் அரசு தர்மபுரி, நீலகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களில் முன்னோடியாக ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது. தானியம் திரும்பிவிட்டது. விடியற்காலையில் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து திருகை சுற்றிய பேச்சு திரும்பவில்லை, திரும்பப் போவதுமில்லை. மாவு மில்லில் அரைபடுகிறது, அங்கே மெஷின் சத்தத்தில் பேச முடியாது. ‘கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி வேண்டாமா’ என்பதோ கேழ்வரகு குறைந்த வருஷங்களிலும் தளர்ந்ததில்லை. ஏமாற்றுகிறவன் இருக்கிறவரை அதற்குப் பஞ்சமில்லை. (சிறையில் களி தின்னப் போகிறாய் என்று தமிழ்நாடு முழுக்க மிரட்டுகிறார்கள். மூன்று வேளையும் களி தின்ற பென்னாகரத்துக்காரரை இந்த மிரட்டல் எப்படிப் பயமுறுத்தியிருக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.)

இன்னொரு மறுப்பு பழகியது: ஆங்கிலமும் சினிமாவும் தொலைக்காட்சியும் கெடுத்தன என்பது. அயல்மொழி நுழைந்தால் சொந்தப் பேச்சு சாகும் என்றால் தர்மபுரித் தமிழ் எப்போதோ செத்திருக்க வேண்டும். கன்னடமும் தெலுங்கும் உருதும் தலைமுறை தலைமுறையாக ஒரே சந்தையில் புழங்கிய ஊர்கள் இவை. மாரண்டஅள்ளி போன்ற பெயர்களின் வாலிலேயே கன்னட ஹள்ளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேற்றுமொழி வந்து பேச்சை வளர்த்ததற்குத்தான் இங்கே சான்று அதிகம். சினிமாவும் கவுண்டமணி, வடிவேலு வாயால் எத்தனையோ புதுச் சொலவடைகளைத் தந்திருக்கிறது; அவை நன்றாகவே ஒட்டிக்கொண்டன, ஏனென்றால் கிண்டலடிக்கும் சமயம் எல்லோருக்கும் வாய்க்கிறது. குற்றம் சொல்வதானால் வேலையைச் சொல்ல வேண்டும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் வயதுவந்தவர்கள் போய்விட்ட ஊரில் தாத்தாவும் பேரனும் இருக்கிறார்கள், நடுவில் உள்ளவர்கள் பண்டிகைக்கு வருகிறார்கள். மாமனும் மச்சானும், நாத்தனாரும் அண்ணியும் நாள்தோறும் ஒரே கொட்டாயில் உரசிக்கொண்டு இருந்தால்தான் குத்தலுக்கும் கேலிக்கும் இடம். மாதம் ஒருமுறை தொலைபேசியில் யாரும் குத்திப் பேசுவதில்லை, நலம் விசாரிக்கிறார்கள்.

போனவை எல்லாவற்றுக்காகவும் வருந்த வேண்டுமா என்ற கேள்வியையும் தள்ளிப்போட முடியாது. பெர்சிவலின் 1874ஆம் ஆண்டுத் தொகுப்பையோ, லாசரஸ் 1894இல் வெளியிட்டதையோ, ஜென்சனின் 1897ஆம் ஆண்டுத் தொகுப்பையோ புரட்டினால் சாதியைச் சொல்லி இழிக்கும் பழமொழிகள் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஒரு காலத்தில் அவை நிலக்காரர் பண்ணையாளின் முகத்துக்கு நேரே, அவன் திருப்பிச் சொல்ல முடியாது என்ற தைரியத்தில் சொன்னவை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அவற்றைவிட, கேட்டவன் பள்ளிக்கூடம் போய்த் திரும்பிவந்து நிமிர்ந்து நின்றான். பல பழமொழிகள் பொதுவிடத்திலிருந்து மறைந்தது இப்படித்தான். சாதி போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் தலித் குடியிருப்புகள் எரிந்ததை அறிந்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். போனது முகத்துக்கு நேரே சொல்லும் உரிமை. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. மாறாக ‘ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி’ போகாமல் நிற்பதுதான் உறுத்த வேண்டும். வரதட்சணைப் பேச்சு நடக்கிற திண்ணை இருக்கிறவரை அது போகாது. பெண் சிசுக்களைக் காக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பின்னர் தர்மபுரிக்கும் விரிக்க வேண்டியிருந்தது என்பதையும் அந்தப் பழமொழியின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

தருணம் குலையாத இடங்களும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும் ஊர்களில் கட்டியங்காரன் மேடைக்கு வந்தால், ஊரார் மறந்துபோன கேலிகள் நாலைந்தாவது அவன் வாயில் வரும். அரசனைப் பார்த்தும் முன்வரிசைப் பெரியவரைப் பார்த்தும் பேசும் உரிமை அவனுக்கு மட்டும் உண்டு. எதிரே விடியவிடியக் கேட்க ஊர் உட்கார்ந்திருக்கிறது. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்வதும் இன்னும் முழுதாக ஓயவில்லை. சுற்றிலும் நிற்பவருக்குத் தெரியாமல் பேச வேண்டிய தேவை சந்தையில் மாறவில்லையே. சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே வேலை இருக்கும் இடத்தில் பேச்சு தங்கியிருக்கிறது.

அச்சில் ஏறுவது வேறு சங்கதி. தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர்; அதியமானுடைய தகடூர்ப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூலே முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. உரைகாரர்களும் புறத்திரட்டைத் தொகுத்தவரும் தங்கள் தேவைக்கு எடுத்தாண்ட பாடல்கள் மட்டும் கிடைத்திருக்கின்றன. யாரோ ஒருவர் ஏதோ ஒரு சமயத்தில் மேற்கோளாகச் சொன்னதால் மிஞ்சியவை அவை. பழமொழித் தொகுப்புகளோ இதற்கு எதிர்வழியில் போயின. ஆயிரக்கணக்கில் சேர்த்து, அகரவரிசையிலோ தலைப்பு வாரியாகவோ அடுக்கி, யார் யாரிடம் எப்போது சொன்னது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி வட்டாரச் சொல் என்று குறியிடுகிறது, எந்த வட்டாரம் என்பதை எப்போதும் சொல்வதில்லை. கரிசல் வட்டாரத்துக்குக் கி. ராஜநாராயணன் 1982இல் தந்த அகராதியும் கொங்குக்குப் பெருமாள்முருகன் 2000இல் தந்த அகராதியும் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தன. இருவரும் அந்தப் பேச்சுக்குள்ளேயே வளர்ந்தவர்கள். தகடூர்ச் சீமைக்கு அப்படி ஒன்று செய்ய நினைப்பவர், ‘லாபம்’ என்ற சொல்லுக்கு நேரே ‘அளவையில் முதல் எண்’ என்று எழுதி முடிக்கக் கூடாது. களத்தில் அளந்தவர் யார், குவியலைச் சுற்றி நின்று கேட்டவர்கள் யார் யார், அவர்களில் யாருக்கு எத்தனை படி பங்கு, குறைந்தால் யார் வாய் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்பதையும் அந்தச் சொல்லோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல்.